மோட்டார் இழுப்பதில்லை

எங்கள் அப்பா கோயம்புத்தூரில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்தார். மோட்டார் கட்டுவது, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை மாற்றுவது, ஃபுட் வால்வுக்கு வாஷர் போடுவது என்று காலையிலிருந்து இருட்டும்வரை வேலை நடக்கும். வாரத்துக்கு ஒருவராவது வந்து ஒரே புகாரைச் சொல்வார். "ஏனுங்க, அஞ்சு எச்.பி. போட்டும் தண்ணி ஏற மாட்டேங்குதுங்க." கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அப்பா கேட்பார். நாற்பது என்று பதில் வரும். "அப்ப இருபது எச்.பி. போட்டாலும் ஏறாதுங்க. மோட்டாரைக் கீழே எறக்கி வையுங்க."

பத்து வயதில் எனக்கு இது புரியவில்லை. பெரிய மோட்டார் என்றால் நன்றாக இழுக்கத்தானே வேண்டும்? ஒருநாள் அப்பா என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"மோட்டார் தண்ணிய இழுக்குதுன்னா நெனச்சே கண்ணு? அது எடத்தைக் காலி பண்ணிக் குடுக்குது, அவ்வளவுதான். கெணத்துத் தண்ணி மேல காத்து உக்காந்திருக்கு பாரு, அதுதான் தண்ணிய அமுக்கி மேல ஏத்துது. அந்தக் காத்துக்கு முப்பத்து நாலடிக்கு மேல தெம்பு கெடையாது. நம்ம பைப்புல இருபத்தஞ்சைத் தாண்டுனாலே பெரிசு."

பிறகு பொறியியல் கல்லூரியில் இதையே நாலு சமன்பாடுகளாகப் படித்தேன். அப்பா சொன்னதற்குமேல் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இப்போது நான் இருப்பது ஹூஸ்டனுக்குத் தெற்கே, லீக் சிட்டியில். வேலை ரசாயன ஆலைகளுக்கான பம்புகளில், குலத்தொழில் விடவில்லை. வீட்டிலிருந்து காரில் கால்மணி நேரம் போனால் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையம் வரும். அங்கே 32-ஆம் எண் கட்டடத்துக்குள் சேம்பர் ஏ என்று ஒரு அறை இருக்கிறது. 1965-ல் கட்டியது. அப்பல்லோ விண்கலத்தை முழுசாக உள்ளே நிறுத்தி, காற்றை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் குளிரவைத்து மறுபக்கம் செயற்கை வெயில் காட்டி, நிலாவுக்குப் போகும் வழியில் என்ன ஆகும் என்று தரையிலேயே பார்ப்பதற்காக. அங்கே ஒப்பந்த வேலை பார்த்த பக்கத்து வீட்டு நண்பர் ஒருவரின் தயவில் ஒருமுறை அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

அறை என்ற சொல் இதற்குப் போதாது. வெளி விட்டம் 65 அடி, உயரம் 120 அடி. பன்னிரண்டு மாடிக் கட்டட உயரத்துக்கு ஒரு எவர்சில்வர் டப்பாவை நிமிர்த்தி வைத்ததுபோல. அதன் கதவு வட்டமாக, வெளிப்பக்கம் புடைத்து, 40 அடி விட்டத்தில் இருக்கிறது. எடை 40 டன். நண்பர் இந்த 40 டன்னைப் பெருமையாகச் சொன்னார். எனக்குக் கை பரபரத்தது. ஃபோனில் கணக்குப் போட்டேன். உள்ளே காற்று இல்லையென்றால், வெளியே இருக்கும் நம் சாதாரணக் காற்று அந்தக் கதவை எவ்வளவு அமுக்கும்? கிட்டத்தட்ட 1,200 டன். கதவின் எடையைப்போல முப்பது மடங்கு. கிணற்றுத் தண்ணீரைக் குழாயில் ஏற்றிவிடும் அதே காற்றுதான். கதவு ஏன் தட்டையாக இல்லாமல் கவிழ்த்த கிண்ணம்போல இருக்கிறது என்பதற்கும் அதுவே காரணம். தட்டையாகச் செய்திருந்தால் அது உள்ளே குழிந்துவிடாமல் இருக்க இன்னும் எத்தனை இரும்பைக் கொட்டியிருக்க வேண்டும்!

காற்றை எடுப்பது ஒரே மூச்சில் நடப்பதில்லை. முதலில் நாம் அறிந்த வகை இயந்திரப் பம்புகள் பெரும்பகுதியை வெளியேற்றும். ஒரு கட்டத்துக்குமேல் உள்ளே மிச்சம் இருப்பது காற்று என்று சொல்லத்தக்கதே அல்ல. ஒன்றோடொன்று மோதாமல், ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குத் தனித்தனியாகப் பறக்கும் மூலக்கூறுகள். அவற்றை எந்த இம்பெல்லராலும் வாரித் தள்ள முடியாது. தானாக வந்து மாட்டினால்தான் உண்டு. அதற்கு ஹீலியத்தால் மிகமிகக் குளிரவைத்த உலோகப் பரப்புகளை உள்ளே வைக்கிறார்கள். நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதில் வந்து மோதினால் உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஃப்ரீசரில் பனி படிவதுபோலக் காற்றே பனியாகப் படியும். முப்பது வருடம் பம்புத் தொழிலில் இருந்தவனுக்கு, பேசாமல் குளிர்ந்து நிற்கும் ஒரு தகடும் பம்புதான் என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்புறம் குளிர். அறையின் உள்சுவர் நெடுக, கறுப்பு வண்ணம் பூசிய தகடுகளில் திரவ நைட்ரஜன் ஓடும். மைனஸ் 196 டிகிரி. விண்வெளியின் இருட்டு இதைவிடக் குளிர்ச்சியானது, மைனஸ் 270. பிறகு ஏன் 196-ல் நிறுத்திக்கொண்டார்கள் என்றால், அதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. வெற்றிடத்தில் சூடு கதிராக மட்டுமே பாய முடியும். அந்தக் கதிர் வெப்பநிலையின் நாலாம் அடுக்கில் ஏறி இறங்கும். அதன்படி, நைட்ரஜன் ஓடும் சுவர் வெளிவிடும் சூடு, நம் வீட்டுச் சுவர் வெளிவிடுவதில் 230-ல் ஒரு பங்குதான். அப்பல்லோ மாதிரி கலத்துக்கு அதுவே சுத்தமான இருட்டு. மீதி எழுபது எண்பது டிகிரிக்குச் செலவு செய்வது வீண்.

சூரியனை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டபோது வந்த பதில் என்னைப் பட்டறைக் காலத்துக்கே கொண்டுபோய்விட்டது. கார்பன் ஆர்க் விளக்குகள். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் படம் காட்டியதும் அதே விளக்கில்தான். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம். குச்சி எரிந்து தேயத் தேய ஆபரேட்டர் நகர்த்திக்கொண்டே இருப்பார். எரிந்து போட்ட கட்டைக் குச்சிகளைப் பொறுக்கி நாங்கள் சுவரில் எழுதுவோம். நிலாவுக்குப் போகும் கலத்தின்மேல் ஹூஸ்டனில் விழுந்த முதல் 'வெயில்', எங்கள் டாக்கீஸ் வெயிலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பிற்பாடு செனான் விளக்குகள் வந்தன.

1967 ஜனவரியில் அப்பல்லோ 1 தரையிலேயே தீப்பிடித்து மூன்று பேர் இறந்தார்கள். அதன்பின் கலத்தை ஏறக்குறைய மறுபடி வடிவமைத்தார்கள். அந்தப் புதிய கலத்தில் மனிதர்களை அனுப்பலாமா என்று முடிவு செய்ய வேண்டிய சோதனை 1968 ஜூனில் சேம்பர் ஏ-க்குள் நடந்தது. ஜோசஃப் கெர்வின், வான்ஸ் பிராண்ட், ஜோ எங்கிள் மூவரும் கலத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு நாள் இருந்தார்கள். வெளியே வெற்றிடம், குளிர், கார்பன் சூரியன். மிதக்க முடியாது என்பதைத் தவிர எல்லாம் அசல். அந்த அக்டோபரில் அப்பல்லோ 7 பறந்தது. டிசம்பரில் அப்பல்லோ 8 நிலாவைச் சுற்றியது. கெர்வின் மருத்துவர். ஐந்து வருடம் கழித்து ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போனார். மற்ற இருவரும் பின்னால் விண்வெளிக்குப் போய்வந்தவர்கள்தான். அந்த எட்டு நாளை மட்டும் யாரும் விண்வெளிப் பயணக் கணக்கில் சேர்ப்பதில்லை. கலத்தின் சுவர் உடைந்திருந்தால் அவர்களுக்கு நேர்ந்திருக்கக்கூடியது, நிலாப் பாதையில் நேர்வதிலிருந்து அதிகம் வேறுபட்டிருக்காது.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இதே மையத்தின் வெற்றிட அறை ஒன்றில் 1966 டிசம்பரில் ஜிம் லெப்ளாங்க் என்ற தொழில்நுட்பப் பணியாளர் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்தார். உடைக்கு அழுத்தம் கொடுக்கும் குழாய் கழன்றுவிட்டது. பத்தே வினாடியில் உடைக்குள் இருந்த அழுத்தம் ஏறக்குறைய பூஜ்யம். பதினாலு வினாடி வாக்கில் நினைவு தப்பிச் சாய்ந்தார். அறையை வழக்கமாக நிதானமாகத்தான் மறுபடி காற்றால் நிரப்புவார்கள். அன்று ஒன்றரை நிமிடத்துக்குள் நிரப்பினார்கள். எழுந்துவிட்டார். காதுவலியைத் தவிரப் பெரிய கேடு இல்லை. மயங்குவதற்கு முன் தனக்குக் கடைசியாக நினைவிருப்பது, நாக்கில் எச்சில் குமிழியிட்டதை உணர்ந்ததுதான் என்று பிற்பாடு அவரே சொன்னார். படச்சுருள் இருக்கிறது, இணையத்தில் பார்க்கலாம். நின்றுகொண்டிருக்கும் மனிதர் அப்படியே பின்னால் சாய்கிறார்.

எச்சில் சூட்டில் கொதிக்கவில்லை. ஊட்டியில் குக்கர் இல்லாமல் சோறு வேகாது என்பார்களே, அதேதான். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், சூடு போதாது. இன்னும் ஏறி, சுமார் 19 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் நம் உடம்பின் 37 டிகிரியே தண்ணீர் கொதிக்கப் போதும். அந்த உயரத்துக்கு ஆம்ஸ்ட்ராங் எல்லை என்று பெயர். நிலாவுக்குப் போனவர் இல்லை. ஹாரி ஆம்ஸ்ட்ராங் என்ற விமானப்படை மருத்துவர். ஆங்கிலத்தில் இந்த மாதிரி அறைகளைப் 'பாவனை விண்வெளி' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. சூரியன் பாவனை, சரி. வெற்றிடம் பாவனை இல்லை. லெப்ளாங்கின் நாக்குக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அப்பல்லோ முடிந்தது. ஸ்கைலேப்பின் சூரியத் தொலைநோக்கிகள் உள்ளே போய் வந்தன. அதற்குப்பின் வேலை குறைந்தது. 1985-ல் இந்த ஆய்வகத்தை அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். நம் ஊரில் ஒரு கட்டடத்துக்குத் தொல்லியல் துறையின் நீலப் பலகை வந்துவிட்டால் அதில் ஓர் ஆணி அடிக்க முடியாது. இங்கே நடந்தது தலைகீழ். சின்னமாக அறிவித்து இருபது வருடம் கழித்துத்தான் அந்த அறைக்கு வாழ்நாளின் மிகப் பெரிய வேலை வந்தது: ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி. அதற்காக அறையின் உட்புறத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள்.

ஏன் பிரிக்க வேண்டும்? முன்னால் சொன்ன 196 டிகிரிச் சாமர்த்தியம் இங்கே செல்லாது. வெப் அகச்சிவப்பு ஒளியைப் பார்ப்பது. அதாவது அது தேடும் வெளிச்சமே சூடுதான். தன் கண்ணாடி சூடாக இருந்தால் அதன் ஒளியே அதன் கண்ணை மறைத்துவிடும். ஆகவே கண்ணாடி மைனஸ் 230 வாக்கில் இருந்தாக வேண்டும். அந்தக் குளிரில் இருக்கும் ஒன்றுக்கு, திரவ நைட்ரஜன் ஓடும் சுவர் அடுப்பு மாதிரி. அது வெளிவிடும் சூட்டைப்போலச் சுமார் பத்து மடங்கு சுவரிலிருந்து வரும். எனவே நைட்ரஜன் சுவருக்குள்ளே ஹீலியத்தால் குளிரும் இன்னொரு சுவர் வைத்தார்கள், மைனஸ் 250-க்கும் கீழே. டப்பாவுக்குள் டப்பா.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் ஹப்பிள். 1990-ல் மேலே போன ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடி தப்பான வளைவோடு தேய்க்கப்பட்டிருந்தது. தரையில் முழுத் தொலைநோக்கியாக வைத்து ஒருமுறை பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும், பார்க்கவில்லை. ஹப்பிள் பக்கத்தில் இருந்ததால் ஆள் போய்ச் சரிசெய்தார்கள். வெப் போகும் இடம் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவு. மெக்கானிக் போக முடியாது. அதன் கண்ணாடி 6.5 மீட்டர், பதினெட்டுத் துண்டுகள், பெரிலியம் உலோகம், மேலே தங்கப் பூச்சு. மொத்தத் தங்கம் 48 கிராம் சொச்சம். ஆறு பவுன்! நடுத்தரக் குடும்பத்துக் கல்யாணத்தில் ஒரு ஆரம் வரும்.

2017 மே மாதம் அந்தத் தொலைநோக்கி ராணுவச் சரக்கு விமானத்தில் ஹூஸ்டன் வந்து இறங்கியது. ஜூலை 10-ல் கதவைச் சாத்தினார்கள். அறையின் கூரையிலிருந்து ஆறு கம்பிகளில் தொலைநோக்கியை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டிருந்தார்கள், தரையின் அதிர்வு ஏறாமல் இருக்க. மெல்லக் குளிரவைக்கவே ஏறக்குறைய ஒரு மாதம். ஃபிளாஸ்க்கின் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருப்பதும் வெற்றிடம்தான். சூடு எளிதில் வெளியேறாது. குளிர்ந்து நிலைப்பட்ட பிறகுதான் பதினெட்டுத் துண்டுகளையும் நுண்ணளவில் நகர்த்தி, ஒரே கண்ணாடியாக நடந்துகொள்கின்றனவா என்று அளக்க முடியும். அந்த முக்கியமான கட்டத்தில்தான், ஆகஸ்ட் 25 இரவு, ஹார்வி புயல் டெக்சாஸ் கரையைக் கடந்தது.

அந்த நாலு நாளைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டும். காற்று எங்கள் பகுதியில் பெரிய சேதம் செய்யவில்லை. மழைதான். நின்று பெய்தது, சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் 40 அங்குலத்தைத் தாண்டியது. கிளியர் கிரீக் ஓடை பெருகி எங்கள் தெருவின் கீழ்முனை வீடுகளில் ஜன்னல்வரை நின்றது. எங்கள் வீட்டில் கராஜோடு நின்றுவிட்டது. அரிசி மூட்டையையும் பாஸ்போர்ட்டுகளையும் மாடிக்கு ஏற்றிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து எந்தப் படி முழுகுகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா ஃபோனில் வந்தார். "தண்ணி எவ்வளவு தூரம் வந்திருக்கு கண்ணு? பம்பு ஒண்ணு வெச்சுக்கலாமில்ல?" முப்பது வருடம் பம்பு விற்றவன் வீட்டில் அன்று ஒரு பம்பும் இல்லை. வைத்திருந்தாலும் தண்ணீரை எங்கே கொண்டு ஊற்றுவது? தெரு முழுக்க அதுதான்.

அதே நேரம், காரில் கால்மணி நேரத் தூரத்தில், அந்த எவர்சில்வர் டப்பாவுக்குள் ஒரு துளி ஈரம் இல்லை. மைனஸ் 230 டிகிரியில் ஆறு பவுன் தங்கம் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குப் போக முடியாமல் அலுவலகத்திலேயே படுத்துக்கொண்டார்கள். கூரை ஒழுகி, கருவிகளின்மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினார்கள். உயரமான வண்டி வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றி இறக்கினார்கள். ஒழுகல்கூடப் பெரிய பிரச்சினை இல்லை. பெரிய பிரச்சினை திரவ நைட்ரஜன். அது ஆவியாகிக்கொண்டே இருப்பது; லாரியில் வந்து தொட்டியில் நிரம்பிக்கொண்டே இருக்க வேண்டும். சாலைகளோ முழுகிக்கிடந்தன.

நைட்ரஜன் தீர்ந்தால் தொலைநோக்கி கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன். அப்படி இல்லையாம். அறைக்குள் மிச்சமிருந்த நீராவியும் எண்ணெய்ப் பிசுபிசுப்பும் இத்தனை நாள் குளிர்ந்த சுவரில்தான் ஒட்டியிருக்கும். தொலைநோக்கியைவிடச் சுவர் முந்திச் சூடானால் அவையெல்லாம் கிளம்பிப் போய், அந்த நேரத்தில் எது அதிகக் குளிராக இருக்கிறதோ அதன்மேல் படியும். அதாவது கண்ணாடிமேல். அதனால்தான் சூடாக்கும்போதும் எது முதலில், எது பின்னால் என்று வரிசை பார்த்து வாரக்கணக்கில் செய்கிறார்கள். புயல் அந்த வரிசையைக் குலைத்திருக்கலாம்.

குலைக்கவில்லை. நைட்ரஜன் லாரிகள் வந்து சேர்ந்தன. சோதனை நிற்காமல் நடந்தது. சாத்தி நாலு மாதத்துக்குமேல் ஆன பிறகு, நவம்பர் 18-ல் கதவைத் திறந்தார்கள். கண்ணாடிகள் ஒன்றுபட்டு வேலை செய்வது உறுதியாகியிருந்தது. 2021 கிறிஸ்துமஸ் அன்று வெப் மேலே போனது. அடுத்த ஜூலையில் முதல் படங்கள் வந்தன.

படங்கள் வந்த வாரம் அப்பாவோடு வீடியோ கால். பட்டறையை எப்போதோ மூடிவிட்டார், வயது எண்பதுக்குமேல். விண்மீன் திரள்கள் சிதறிக்கிடக்கும் அந்தப் படத்தைக் காட்டினேன். "நல்லா இருக்கு" என்றார், பேரன் வரைந்த படத்துக்குச் சொல்வதுபோல. பிறகு சேம்பர் ஏ-யின் கதவுப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஃபோனை முகத்தருகே கொண்டுபோனார்.

"பேக்கிங் என்ன போட்டிருக்காங்க? ரப்பரா?"

சொன்னேன். 1,200 டன் கணக்கையும் சொன்னேன். "பின்னே? வெளிக்காத்து சும்மா விடுமா?" என்று சிரித்தார். நம் ஊரில் இப்படி உண்டா என்று கேட்டார். பெங்களூரில் இஸ்ரோவிடம் 9 மீட்டர் விட்டத்துக்கு ஒன்று இருக்கிறது என்றேன். தலையாட்டினார். அப்புறம் புயல் கதையை முழுக்கச் சொன்னேன்: ஒழுகிய கூரை, பிளாஸ்டிக் ஷீட், நைட்ரஜன், முழுகின சாலை. பொறுமையாகக் கேட்டார். தொலைநோக்கி எத்தனை கோடி வருடத்துக்கு முந்தைய வெளிச்சத்தைப் பார்க்கிறது என்று நான் ஆரம்பித்தபோது குறுக்கே வந்தார்.

"அது கெடக்கட்டும். அந்த வெள்ளத்துல வந்தானே லாரிக்காரன், அவனுக்கு ஒரு டீயாவது வாங்கிக் குடுத்தாங்களா?"